லோகாம்பாள் பைனான்ஸ் சட்டை

கலந்தருக்குப் பயம் வந்தால் முதலில் விரல்களில்தான் தெரியும். ஊசிக் காதில் நூல் நுழையாது. எச்சில் தொட்டுத் திரித்துத் திரித்துப் பார்ப்பார், பிறகு நூலை வைத்துவிட்டுத் தையற்கடைக்கு வெளியே வந்து நிற்பார். பழவேற்காடு கடைத்தெருவில் எல்லாருக்கும் இது தெரியும். "பாய் வெளிய வந்து நிக்கிறாரு, இன்னாவோ நடந்துக்கீது" என்று பேசிக்கொள்வார்கள். பெரும்பாலும் ஒன்றும் நடந்திருக்காது. மகனுக்குக் காய்ச்சல் இறங்குமா, கொடுத்த ஜாக்கெட் தோளில் பிடிக்குமா, ஏரியில் போன படகு இருட்டுவதற்குள் திரும்புமா, எல்லாம் அவருக்குக் கவலைதான்.

பந்துக்கு மட்டும் அவர் பயந்ததில்லை. எதிரே ஆறடி ஆள் ஓடிவந்து உதைத்தாலும் அவன் காலடியிலேயே போய் விழுந்து பந்தை அணைத்துக்கொள்வார். அந்த வட்டாரத்தில் அவரைப்போல ஒரு கோல்கீப்பர் இல்லை.

அந்தப் பழக்கம் மெட்ராஸில் வந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் தையல் பழக மண்ணடிக்குப் போனார். பகலில் காஜா எடுப்பது, சாயங்காலம் வடசென்னை மைதானங்களில் பந்து. உயரமாக இருந்ததால் கோலில் நிறுத்தினார்கள். ஊரில் அவருடைய அத்தா முகம்மது இஸ்மாயில் மளிகைக் கடை வைத்திருந்தார். ஒரு புயல் வருஷத்தில் சரக்கெல்லாம் நனைந்து போயிற்று. மொத்த வியாபாரி, வட்டிக்கு ஒத்துக்கொண்டால் மறுபடி சரக்கு தருவதாகச் சொன்னார். மார்க்கத்தில் வட்டி ஆகாது என்று இஸ்மாயில் கடையையே மூடிவிட்டு, மீன் ஏலம் விடுமிடத்தில் கூலிக்குக் கூடை தூக்கினார். ஊரில் சிலர் சிரித்தார்கள். அவர் காலமானது எழுபத்தேழில். கலந்தர் ஒரு பழைய தையல் மெஷினோடு ஊர் திரும்பி, கடை போட்டு, கைருன் பீவியைக் கட்டிக்கொண்டார்.

ஊரில் பந்து விளையாடக் கூட்டம் சேர்த்தவன் துளசிங்கம். கடலோரக் குப்பத்து மீனவன். வாட்டசாட்டமான ஆள், அணியின் கேப்டன். குப்பத்தில் ஆறு பேர், டவுனில் ஐந்து பேர் என்று அணி சேர்ந்தது. கோடையில் ஏரித் தண்ணீர் இறங்கிய இடத்தில் ஆடுவார்கள். சவுக்குக் கட்டைதான் கோல்போஸ்ட். கிழிந்த வலை ஒன்றைப் பின்னால் கட்டிவிடுவார்கள். காலில் செருப்புகூட இல்லை. நீலம் போட்டு முக்கிய பனியன்தான் அணிச் சட்டை, வேர்த்தால் நெஞ்சிலும் நீலம் ஒட்டிக்கொள்ளும்.

எண்பத்து நாலில் பொன்னேரிப் போட்டிக்குப் பெயர் கொடுத்தார்கள். அப்போதுதான் துளசிங்கம் கடைக்கு வந்து, ஆதிகேசவன் செலவை ஏற்றுக்கொண்டார் என்று சொன்னான். பொன்னேரியில் லோகாம்பாள் பைனான்ஸ் என்று ஒரு கம்பெனி. முதலாளி ஆதிகேசவன், தன் அம்மா பெயரைக் கம்பெனிக்கு வைத்திருந்தார். துளசிங்கம் வீட்டில் நைலான் வலை வாங்க அங்கேதான் கடன் எடுத்திருந்தார்கள். சட்டைத் துணி, பூட்ஸ், போய்வர வேன், சாப்பாடு எல்லாம் அவர் செலவு. பதிலுக்கு நெஞ்சில் கம்பெனிப் பெயர் இருக்கவேண்டும். சட்டையைக் கலந்தரே தைக்கட்டும், தையற்கூலி தனி.

அணி முழுக்கக் குதித்தது. கலந்தருக்கும் சந்தோஷம்தான். நீல பனியன் துணியும் எழுத்துக்கு வெள்ளை பாப்ளினும் வந்தன. எழுத்து எழுத்தாக வெட்டி ஓரம் மடித்துத் தைப்பது சின்ன வேலை இல்லை. 'லோ' எழுத்தின் சுழி சரியாக வராமல் பலமுறை பிரித்தார். பத்துச் சட்டையும் முடிந்தன. கோல்கீப்பருக்குத் தனி நிறம் வேண்டுமென்பதால் தனக்கு மஞ்சள் துணியில் ஒன்று வெட்டி, எழுத்து வைப்பதற்காக மடியில் போட்டார். அப்போது விரல் நின்றுவிட்டது.

'லோகாம்பாள்' வரை சரி. அதற்கடுத்த சொல்லை அவர் இதுவரை தையலாகத்தான் பார்த்திருந்தார். இப்போது அதைப் படித்தார். வட்டிக்குப் பயந்து கடையை மூடிய மனிதரின் மகன், வட்டிக் கம்பெனிப் பெயரை நெஞ்சில் மாட்டிக்கொண்டு நிற்பதா? நூலை வைத்துவிட்டு வெளியே வந்து நின்றார்.

பஷீரிடம் முதலில் பேசிப்பார்த்தார். பஷீர் அணியின் முன்கள ஆட்டக்காரன், ஐஸ் லாரியில் வேலை. அவனுக்கு இதில் ஒன்றும் தப்பாகப் படவில்லை. நாம் வட்டி வாங்கவில்லை, கொடுக்கவில்லை, சட்டை போடுகிறோம், பஸ்ஸில்கூடத்தான் பேங்க் விளம்பரம் இருக்கிறது, அதில் ஏறிப் போகிறோமே என்றான். கலந்தருக்கு அது நியாயமாகப் பட்டது. கடைக்குத் திரும்பி நடக்கும்போதே நியாயமாகப் படாமல் போயிற்று.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து எல்லாரும் போன பிறகு, பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஸ்ரத்திடம் கேட்டார். ஹஸ்ரத் நேர்மையான மனிதர், தெரியாததைத் தெரியும் என்று சொல்லமாட்டார். வட்டி வாங்குபவன், கொடுப்பவன், அதை எழுதுபவன், அதற்குச் சாட்சி நிற்பவன், எல்லாரும் பாவத்தில் ஒன்று என்று நபிமொழியில் வந்திருப்பதைச் சொன்னார். சட்டை போடுவது இதில் சேருமா என்று எந்தக் கிதாபிலும் தான் பார்த்ததில்லை என்றும் சொன்னார்.

"உன் மனசுல இடிச்சா விட்டுடு, கலந்தரு. அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். கலந்தர் காதில் விழுந்தது ஒரே சொல்தான். எழுதுபவன். பத்துச் சட்டையில் வெட்டி வெட்டி எழுதியவன் வேறு யார்? போடலாமா என்று கேட்கப் போனவர், தைத்ததே குற்றமோ என்ற கவலையைச் சுமந்துகொண்டு வந்தார். வாங்கிய தையற்கூலியைக் கைருனிடம் கொடுத்து, இதைத் தொடாதே என்றார். சந்தைக்குப் பின்னால் பொதுக் கக்கூஸ் இடிந்து கிடந்தது. வட்டி வழியில் வந்த பணத்தை அந்த மாதிரி வேலைக்குத்தான் கொடுப்பார்கள். நன்மையை எதிர்பார்க்காமல் கொடுக்கவேண்டும். அதன் ரிப்பேருக்கு அந்தக் கூலி போயிற்று. வீட்டில் அந்த வாரம் மீன்கூட வாங்கவில்லை. கைருன் கத்திரிக்காய்க் குழம்பு வைத்துச் சமாளித்தாள்.

முதல் இரண்டு ஆட்டங்களில் எழுத்தில்லாத மஞ்சள் சட்டையோடு நின்றார். கேட்டவர்களிடம் நேரமில்லை, அடுத்த வாரம் தைத்துவிடுகிறேன் என்றார். வேனில் ஏறாமல் பஸ்ஸில் போனார். ஆட்டம் முடிந்து எல்லாரும் பரோட்டா சாப்பிடும்போது வயிறு சரியில்லை என்றார். இரண்டு ஆட்டத்திலும் அணி ஜெயித்தது, ஒரு கோல்கூட வாங்கவில்லை. ஃபைனலுக்கு இரண்டு வாரம் இருந்தது.

அப்போது துளசிங்கம் வந்தான். முகம் வெளுத்திருந்தது. ஆதிகேசவன் கூப்பிட்டுக் கேட்டாராம். உங்க கோல்கீப்பருக்கு என் பேரு கசக்குதா என்று. கேட்டுவிட்டு, வலைக் கடன் தவணை எப்போது என்று சாதாரணமாக விசாரித்தாராம்.

"எனக்காகக் கேக்கல கலந்தரு. வலையை எடுத்துக்கினு போயிட்டா எங்க நைனா இன்னா பண்ணுவாரு சொல்லு. ஒரே ஒரு நாள், ஒரு மணி நேரம். அவ்ளோதானே."

கலந்தர் அளவுநாடாவை எடுத்துச் சுருட்டினார். போட்டால் படைத்தவனுக்குப் பதில் சொல்லவேண்டும், போடாவிட்டால் இவன் வீட்டு உலைக்குப் பதில் சொல்லவேண்டும். அடுத்த நாட்களில் அவர் அளவெடுத்த சட்டைகள் எல்லாம் தப்பாக வந்தன. யாரோ ஒருவருடைய சட்டைக் கையை இரண்டு அங்குலம் குறைத்து வெட்டிவிட்டு, புதுத் துணி வாங்கித் தந்தார். கடைசியில் கைருன்தான் சொன்னாள், இப்படிப் பயந்து சாவதைவிட அந்த ஆளிடமே போய்ப் பேசுங்கள் என்று.

பொன்னேரியில் கம்பெனி மாடியில் இருந்தது. ஆதிகேசவன் குள்ளமான, சுத்தமான மனிதர். கலந்தரை உட்காரச் சொல்லி, டீ வரவழைத்தார். கலந்தர் டீயைத் தொடவில்லை. அதையும் அவர் கவனித்தார்.

"என் பேரைப் போட அசிங்கமா இருக்குதா பாய்?"

"உங்க பேரு இல்லீங்க மொதலாளி. வட்டி. எங்க மார்க்கத்துல ஆகாது. எங்க அத்தா அதுக்காகக் கடையையே மூடினவரு."

"உங்க ஆளுங்க எங்கிட்ட கடன் வாங்கிக்கிறாங்க. தெரியுமா?"

"தெரியும். அவங்கவங்க கஷ்டம். நான் அவங்களைச் சொல்லல."

ஆதிகேசவன் கோபப்பட்டிருந்தால் கலந்தருக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை, வருத்தப்பட்டார். ஊரே வந்து கையேந்துகிறது, ஆனால் கல்யாணப் பத்திரிகை வைக்கமட்டும் யாரும் வருவதில்லை என்றார். வட்டிக்காரன் என்றுதான் சொல்கிறார்கள், ஒருத்தன்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்றார். அதைக் கேட்டதும் கலந்தருக்கு அந்த யோசனை வந்தது. யோசிக்காமலே சொல்லிவிட்டார்.

"கம்பெனி பேரு வேணாம். உங்க பேரை மட்டும் போட்டுக்கிறேன். 'ஆதிகேசவன்'னு. மனுசன் பேரைப் போடறதுல எனக்கு ஒண்ணும் இல்ல."

ஆதிகேசவன் கலந்தர் தொடாத டீயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு சிரித்தார். என் பேரை எங்கேயும் எவனும் எழுதியதில்லை, போர்டில்கூட எங்கம்மா பேர்தான் என்றார். சம்மதித்தார். துளசிங்கத்தின் தவணையைப் பற்றி அதன்பிறகு பேச்சே எடுக்கவில்லை.

கலந்தர் நிம்மதியாக இறங்கி வந்தார். ஆனால் ஹஸ்ரத்திடம் போய் இது சரியா என்று கேட்கவில்லை. சரியில்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

ஃபைனலுக்கு நல்ல கூட்டம். பொன்னேரிக்காரர்களுக்குக் கலந்தரைத் தெரியாது. சட்டையைப் படித்தார்கள். "ஆதிகேசவா, வுடாத" என்று ஒருவன் ஆரம்பித்தான், பிறகு மைதானம் முழுக்க அதே சத்தம். பஷீர் ஒரு கோல் போட்டான். கடைசி நேரத்தில் எதிரணி மூன்று முறை உள்ளே வந்தது, மூன்று முறையும் கலந்தர் விழுந்து பிடித்தார். கோப்பையோடு ஊர் வந்து சேர்வதற்குள் அவருக்கு ஆதிகேசவன் என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஐஸ் லாரிக்காரர்கள் கடைக்கு முன்னால் ஹாரன் அடித்து "இன்னா ஆதிகேசவா" என்பார்கள். பள்ளிவாசலில் ஒன்றிரண்டு பேர் முகம் சுளித்தார்கள். அப்துல்லா என்றும் அப்துர் ரஹ்மான் என்றும் பெயர் வைத்துக்கொள்ளச் சொன்ன மார்க்கத்தில் இதென்ன பெயர் என்று. கலந்தர் தலையைக் குனிந்துகொண்டு போனார். இதோடு போனால் சரி என்று நினைத்தார்.

இதோடு போகவில்லை. கோப்பை வாங்கிய அன்று எடுத்த போட்டோவை ஆதிகேசவன் காலண்டராக அடித்தார். நடுவில் மஞ்சள் சட்டையில் கலந்தர், மடியில் கோப்பை. இருபக்கமும் நீலச் சட்டைகள். கீழே லோகாம்பாள் பைனான்ஸ் என்று கொட்டை எழுத்து. ஏரி ஊர்களில் வீடு வீடாக இலவசமாகக் கொடுத்தார்கள். கூடவே ஓர் ஆள் சைக்கிளில் வந்து டெபாசிட் வாங்க ஆரம்பித்தான். அப்போது இறாலுக்கு நல்ல விலை. கையில் காசு இருந்தது, எங்கே வைப்பதென்று பெண்களுக்குத் தெரியவில்லை.

துணி கொடுக்கப் போன வீடுகளிலெல்லாம் கலந்தர் அந்தக் காலண்டரைப் பார்த்தார். வருஷம் மாறினால் புதுக் காலண்டர், அதே போட்டோ. பார்க்கும்போதெல்லாம் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். ஏன் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. கைருனிடம் சொன்னபோது, கம்பெனி நன்றாகத்தானே நடக்கிறது, நீங்கள் எதற்குக் கரைகிறீர்கள் என்றாள்.

எண்பத்தெட்டில் கம்பெனி மூடிக்கிடந்தது. ஆதிகேசவன் குடும்பத்தோடு எங்கோ போய்விட்டார் என்று பஷீர் லாரியில் செய்தி கொண்டுவந்தான். அடுத்த நாள் காலை, கலந்தர் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது, கடைக்கு முன்னால் பெண்கள் கூடினார்கள். பசியாவரத்திலிருந்து படகில் வந்தவர்கள், சுண்ணாம்புக்குளத்திலிருந்து நடந்தும் பஸ் பிடித்தும் வந்தவர்கள். முன்னால் நின்றவள் இருசம்மாள், பசியாவரத்துக்காரி. நண்டு இறால் விற்றுப் பெண்ணின் கல்யாணத்துக்குச் சேர்த்ததை முழுக்கப் போட்டிருந்தாள். காலண்டரில் இருக்கும் ஆதிகேசவன் பழவேற்காட்டில் கடை வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு வந்து, ஆதிகேசவன் கடை எது என்று முனையில் கேட்டிருக்கிறார்கள், விளையாட்டுப் பெயர்தானே என்று யாரோ கலந்தர் கடையைக் காட்டிவிட்டான்.

"எங்க துட்டைக் குடு நைனா" என்றாள் இருசம்மாள். சத்தம் போடவில்லை. வெட்டுமேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கலந்தர் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். நான் அவரில்லை, தையல்காரன் என்று ஒருவழியாகச் சொன்னார். ஒருத்தி இடுப்பிலிருந்து மடித்த காலண்டர் தாளை எடுத்து விரித்தாள். நடுவில் உட்கார்ந்திருப்பது நீதானே, உன் நெஞ்சிலே ஆதிகேசவன் என்று எழுதியிருப்பதாகப் படித்துச் சொன்னார்களே என்றாள். படத்தில் இருப்பது நான்தான் என்று ஒப்புக்கொண்டார்.

துளசிங்கத்துக்கு ஆள் போயிற்று. அவன் ஓடிவந்து, இவர் கலந்தர் பாய், எனக்குத் தெரியும் என்று சொன்ன பிறகுதான் கூட்டம் கொஞ்சம் அடங்கியது. ஆனால் இருசம்மாள் துளசிங்கத்தையும் அடையாளம் கண்டுகொண்டாள்.

"நீயும் படத்துல கீற. எனக்கு எழுத்து தெரியாது. காலண்டர் குடுத்தவனை மட்டும் நம்பி ஒரு பைசா குடுத்திருக்க மாட்டேன். நம்ப பசங்க நெஞ்சுல போட்டுக்கினு கீறாங்களே, கெட்ட கம்பெனியா இருந்தா போடுவாங்களான்னு நெனச்சேன்."

துளசிங்கம் தரையைப் பார்த்தான். கலந்தர் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நாலு வருஷமாகத் தன்னை உறுத்தியது என்னவென்று அப்போது அவருக்குப் புரிந்தது. பாவம் தனக்கும் படைத்தவனுக்கும் நடுவில் என்றே நினைத்து, தன் சட்டையை மட்டும் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தார். மற்றப் பத்துச் சட்டையும் தன் கையால் தைத்தவைதான். பெயரை மாற்றிப்போட்டு முதலாளியின் முகமாகவே நடுவில் உட்கார்ந்தவரும் அவர்தான். மார்க்கம் எதற்காக எழுதுபவனையும் சாட்சியையும் சேர்த்துச் சொன்னதென்று ஹஸ்ரத் விளக்கவில்லை. இந்தப் பெண்களைப் பார்த்தபோது யாரும் விளக்காமலே அவருக்குத் தெரிந்தது.

கடையைப் பூட்டினார். கைருனிடம் சொல்லிவிட்டு, துளசிங்கத்தையும் பெண்களையும் கூட்டிக்கொண்டு பொன்னேரி பஸ் ஏறினார். போலீஸ் ஸ்டேஷனில் பயந்துகொண்டேதான் நுழைந்தார், ஆனாலும் அவர்தான் பேசினார். சட்டை தைத்தது, பெயர் போட்டது, போட்டோ எடுத்தது, ஒன்று விடாமல் சொன்னார். எழுதிக்கொண்டிருந்தவர் தலை நிமிர்ந்து, இதெல்லாம் எதற்கு, நீ பணம் போட்டாயா இல்லையா என்று கேட்டார். போடவில்லை என்றதும் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, பெண்களின் புகாரை மட்டும் எழுதினார்.

கேஸ் நடந்தது. பெண்களுக்குத் தேதி தெரியாது, வக்கீல் சொல்வது புரியாது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கலந்தர் அவர்களோடு பொன்னேரி கோர்ட்டுக்குப் போனார். போகும் நாளெல்லாம் கடை மூடிக்கிடந்தது, பண்டிகை உருப்படிகள் வேறு கடைக்குப் போயின. கைருன் கை மெஷினில் பாவாடை தைத்து வீட்டை ஓட்டினாள். கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்போதும் அவருக்குப் பயம்தான், தன்னையே பிடித்து உள்ளே போட்டுவிடுவார்களோ என்று. இருசம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, "தண்ணி குடி நைனா" என்பாள்.

ஆதிகேசவனை நெல்லூரில் பிடித்தார்கள். பொன்னேரி வீட்டை ஏலம் விட்டுப் பணத்தைப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். இருசம்மாளுக்கு வந்தது போட்டதில் பாதிகூட இல்லை. மகள் கல்யாணம் ஒரு வருஷம் தள்ளி, நகை குறைத்து நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் அதற்குச் சொன்ன சொல்லையெல்லாம் அவள் வாங்கிக்கொண்டாள். கல்யாணத்துக்குக் கலந்தர் போனார், ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார்.

தொண்ணூற்றொன்றில் ஒரு லாட்டரிச் சீட்டு ஏஜென்சிக்காரர் அணிக்குச் சட்டை தருவதாக வந்தார். பஷீர் கலந்தர் பக்கம் திரும்பிப் பார்த்தான். கலந்தர் வாயைத் திறப்பதற்குள் துளசிங்கம் வேண்டாம் என்றான். ஏன் என்று ஏஜென்சிக்காரர் கேட்டதற்கு, "நம்ப மூஞ்சிய ஊர்ல நம்புறாங்க சார்" என்று மட்டும் சொன்னான். அந்த வருஷம் எல்லாரும் கைக்காசு போட்டுத் துணி எடுத்தார்கள். நெஞ்சில் ஒன்றும் இல்லை, முதுகில் எண் மட்டும். முதல் ஆட்டத்திலேயே மூன்று கோல் வாங்கித் தோற்றார்கள். கலந்தருக்கு முழங்கால் முன்போல மடங்கவில்லை. வேனுக்குக் காசில்லாமல் எல்லாருமாகப் பஸ்ஸுக்கு நின்றபோது, 'எட்டு' எண்ணின் தையல் பஷீர் முதுகில் பிரிந்து தொங்குவதைப் பார்த்தார். நாளைக்குக் கொண்டுவா, இழுத்துத் தைத்துத் தருகிறேன் என்றார்.